சைவக் கிடாரமும் சிவப்புக் கோடும்

என் செல்லச் சண்டைக்காரி வசந்தாவுக்கு,

நேற்று உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அடுப்படிக்குப் போய்ச் சமைத்த பெரிய கிடாரங்களைப் பார்த்தேன். எல்லாம் சைவக் கிடாரம்தான். நீர் நின்றிருந்தால் என்னைக் கடைக்கண்ணால் பார்த்திருப்பீர் என்று நினைத்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உம்முடைய தம்பி, அதுதான் என் மனுசன், பாவம், பயந்துபோனார்.

எண்பத்தொன்பதில் நாங்கள் இன்னும் மச்சாள்மார் ஆகவில்லை, சிநேகிதிகள்தான். மானிப்பாயில் உம்முடைய அப்பா விட்டுப்போன வாடகைச் சாமான் கடையை நீர் நடத்தினீர். கலியாணமோ செத்தவீடோ, உட்காரக் கதிரையும் பந்தலுக்குப் படங்கும் சமைக்கக் கிடாரமும் உம்மிடமிருந்துதான் போகும். நானோ திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் கணிதம் படித்து முடித்துவிட்டு, மாமா கொழும்பிலிருந்து கொண்டுவந்த பழைய கணினியை வைத்துக்கொண்டு, யாருக்காவது நிரல் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தேன். நீர்தான் அகப்பட்டீர்.

நான் நிரல் எழுதிய சீர் தெரியும்தானே. ஒரு பின்னேரம் கடைக்குள் புகுந்து கிடாரங்களுக்கு இலக்கம் போட்டேன். கிழக்குச் சுவரோரம் ஒன்பது, மேற்குச் சுவரோரம் ஒன்பது, ஆக மொத்தம் பதினெட்டு. ஏன் இரண்டு சுவர் என்று கேட்கத் தோன்றவில்லை. இடம் காணாமல் அடுக்கியிருக்கிறீர் என்று நினைத்தேன். படித்த மூளை அல்லவா. நீரும் வேலையாட்களிடம், "இனிக் கணினிக் கடதாசியிலை என்ன இலக்கம் வருதோ அதை ஏத்துங்கோ" என்று சொல்லிவிட்டீர்.

முதல் பெரிய ஓடர் என் அக்காவின் கலியாணம். கோண்டாவிலில், எங்கள் வீட்டில். சமையல்காரர் கந்தையா அண்ணை அடுப்பில் ஏற்றப்போன கிடாரத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை மெல்லக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இந்த நெளிவு எனக்குத் தெரியும். இது மேற்குச் சுவர்க் கிடாரம். போன கிழமை குருநகர்க் கலியாணத்திலை இதுக்குள்ளைதான் ஆட்டிறைச்சி காய்ச்சினனான்."

சைவக் கலியாணத்துக்கு இறைச்சி காய்ச்சிய மச்சக் கிடாரம் வந்தது என்று ஒரு வாய் சொன்னால் போதும், அதன் பிறகு உம்முடைய கடைப்பக்கம் எந்தச் சைவ வீடு வரும்? அந்தக் கடையை நம்பித்தான் நீரும் அம்மாவும் தம்பியும் இருந்தீர்கள். சாமான் இறக்க வந்த உம்முடைய வேலையாள் சின்னையாவைச் சைக்கிளில் ஓடவிட்டேன். அரிசி ஊறி முடிவதற்குள் நீர் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கிழக்குச் சுவர்க் கிடாரத்தோடு வந்து இறங்கினீர். என்னைப் பார்க்கவே இல்லை. கந்தையா அண்ணைதான் உம்மிடம் சொன்னார்: "நான் ஒண்டும் காணேல்லை. ஆனா உவளைக் கூட்டிக்கொண்டு போய் ஒருக்கா அந்தச் சுவரைக் காட்டு பிள்ளை."

அடுத்தநாள் காட்டினீர்.

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"நீர் கேட்டனீரே?"

"ரண்டும் கிடாரம்தானே வசந்தா."

"உம்மடை கணினிப் பெட்டிக்கு ரண்டும் கிடாரம். ஊருக்கு ஒண்டு சைவம், ஒண்டு மச்சம். கடை எப்பிடி நடக்குதெண்டு தெரியாமல் அதுக்குள்ளை என்னத்தை எழுதினனீர்?"

கோபம் வந்தது. நீர் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடவே வந்தது. கலண்டர்த் தாள்களைத் திருப்பி ஒட்டி, இரண்டு பேருமாகக் கடையை வரைந்தோம். ஒவ்வொரு சாமானும் ஒரு பெட்டி, அது போய்வரும் வழி ஒரு கோடு. கடைசியில் நீர் சிவப்புப் பென்சிலால் ஒரு கோட்டை எல்லாப் பெட்டிகளையும் வெட்டிக்கொண்டு இழுத்தீர். "செத்தவீட்டுக்கு இல்லையெண்டு சொல்லப்படாது. கலியாண வீட்டுக்கெண்டு ஒதுக்கினதையும் எடுத்துக் குடுக்கவேணும். கலியாண வீட்டுக்கு வேறை இடத்திலை பிடிச்சுக் குடுக்கிறது எங்கடை பொறுப்பு." அப்படியொரு விதி இருப்பதே எனக்குத் தெரியாது. உங்களில் ஒருவரும் அதை எழுதி வைத்ததில்லை.

அன்றைக்குச் சத்தியம் செய்தேன். படத்தில் இல்லாத எதையும் நிரலில் எழுதுவதில்லை. நீர் படத்தை மாற்றினால் நான் நிரலை மாற்றுவேன். நீர் மாற்றிய மாற்றங்களுக்கும் ஒரு கணக்கில்லை, அது வேறு கதை.

தொண்ணூறில் போரால் மின்சாரம் நின்றது. கணினியைப் பழைய சீலையால் மூடிவிட்டு, எல்லாம் போச்சு என்று உட்கார்ந்தேன். நீர் அட்டையில் துண்டு வெட்டிக்கொண்டிருந்தீர். கிடாரத்துக்கு ஒரு துண்டு, படங்குக்கு ஒரு துண்டு. அவற்றைச் சுவரில் ஒட்டிய படத்தின்மேல் நகர்த்தி நகர்த்தி ஐந்து வருடம் கடையை நடத்தினீர். ஒரு கிடாரம் சுவர் மாறவில்லை. மின்சாரமே இல்லாமல் என் நிரல் ஓடுவதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோசத்தை உம்மிடம் ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னால் உமக்குத் தலைக்கனம் ஏறும்.

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு ஓடியபோது அந்தப் படத்தைச் சுருட்டி, பிறப்புச் சான்றிதழ்களோடு வைத்துக் கொண்டுவந்தீர். "கிடாரம் பிறகும் வாங்கலாம். இதை வாங்கேலுமே?" என்றீர்.

இப்போது உலகம் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது, மச்சாள். மாதிரி வழி மென்பொருள் ஆக்கமாம். தொழில் எப்படி நடக்கிறது என்று முதலில் வரைந்தால், நிரலை இயந்திரமே எழுதிக்கொள்கிறது. அதைப் பற்றிப் பேசப் பெரிய மண்டபத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கிடாரக் கதையைத்தான் சொன்னேன். சபை சிரித்த சிரிப்பு உமக்குக் கேட்டதா?

இப்போது கடையை நடத்தும் உம்முடைய மகள் கௌரி கெட்டிக்காரி. புரியாணிக்கு மூன்றாவது சுவர் வேண்டுமாம். முதலில் வரைந்து கொண்டுவா என்று சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் உமக்குத் தெரியாது. நீர் போன அன்று கடையில் ஒதுக்காத கதிரை ஒன்றுகூட இல்லை, எல்லாம் அடுத்தநாள் கலியாணமொன்றுக்கு ஒதுக்கியிருந்தது. கௌரி அழுதுகொண்டே "செத்தவீடு" என்று கணினியில் பதிந்தாள். விலாசம் கேட்டது. தன் வீட்டு விலாசத்தையே அடித்தாள். திரை ஒன்றும் மறுத்துக் கேட்கவில்லை. கதிரையையும் படங்கையும் கலியாண வீட்டுக் கணக்கிலிருந்து கழற்றி உம்மிடம் அனுப்பிவிட்டு, அந்தக் கலியாணப் பிள்ளைக்கு வேறு எந்தக் கடையில் பிடிக்கலாம் என்று அடுத்த வரியில் காட்டியது. பிடித்துக் கொடுத்தோம். கலியாணம் சிறப்பாக நடந்தது.

நீர் இழுத்த கோடு கொண்டுவந்த படங்கின் நிழலில்தான் உம்மைக் கிடத்தினோம், வசந்தா.

படத்தில் கௌரி எந்தப் பெட்டியையும் மாற்றட்டும். சிவப்புக் கோட்டில் மட்டும் நான் உள்ளவரை யாரும் கைவைக்க விடமாட்டேன். எனக்கும் ஒருநாள் அதே வழியால் கதிரை வரவேண்டும்.

சுவரைப் பார்க்கப் பழகிய உம்முடைய மச்சாள்,
அபிராமி