சொன்ன எண்ணிக்கை

அடுகோடி, பெங்களூர்
10.8.2001

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாளா? நான் சௌக்கியம்.

சமையலுக்குக் கூப்பிடும் கல்யாண வீட்டார் ஆயிரம் இலை என்றாலும், நீங்களே விசாரிக்காமல் அடுப்பு பற்றவைக்க மாட்டீர்கள். உங்கள் பிள்ளை விசாரிக்கவில்லை. எங்கள் ஆபீஸின் பெரிய கம்ப்யூட்டரான சர்வருக்கு வரும் ஒவ்வொரு செய்தியும் தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று முதலில் சொல்லும். நான் எழுதிய புரோகிராம் அதை அப்படியே நம்பி மெமரியை ஒதுக்கியது. செவ்வாய்க்கிழமை ஒரு செய்தி தப்பான, பெரிய எண்ணைச் சொல்ல, மெமரி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டு சர்வர் நின்றுபோனது. கவலைப்படாதீர்கள், ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது.

ஆனால் மேனேஜர் லாவண்யா பக்கத்து சீட்டுத் தருணைப் பார்த்து, "இது நீ எழுதினதுதானே?" என்று கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி பண்ணிடறேன் மேடம்" என்றான். இவ்வளவுக்கு மேல் இடம் கேட்டால் கொடுக்காதே என்று நான் எழுதாமல் விட்ட ஒரு வரியையும் அவனே எழுதினான். மூன்று நாளாக அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்று லாவண்யாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

யாராவது வந்தால் புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்புங்கள். மெஸ் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு பேருக்கு வேண்டும், தருணும் என்னோடு சாப்பிடுவான்.

இந்த எண்ணிக்கையையும் நான் இன்னும் விசாரிக்கவில்லை அப்பா.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

சீனு