லெனோரா வேலுக்கு நான் கற்பித்த தமிழ்

1998 மார்ச் 3, பதுளை

எவரும் நம்பப்போவதில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டே இந்தக் கதையைத் தொடங்குகிறேன்.

1953இல் ஹொலிவூட்டின் மகாராணி லெனோரா வேல், ஹல்துமுல்லைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் படம் பிடிக்க வந்தார். பெயரிலேயே வேல்! கதிர்காமத்தானுக்குச் சொந்தக்காரி. அவர் சிரித்ததும் தேயிலை இரண்டு நாள் முந்தித் துளிர்த்தது. கடித்த அட்டை மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிப் போனது. தெமோதரையில் ரயில் வட்டமடிக்கிறதே, அவரை இரண்டாம் தரம் பார்க்க ஆசைப்பட்டுத்தான். பத்தொன்பது வயதில் அவருக்குக் குடை பிடித்தது நான். பாய்ந்த சிறுத்தையை அதே குடையால் அடித்து விரட்டியதும் நான். நன்றிக்குத் தமிழில் என்ன என்று கேட்டவருக்குக் குறும்பாக, தேயிலைத் துளிருக்குச் சொல்லும் "கொழுந்து" என்பதைச் சொல்லிக்கொடுத்ததும் நான். தண்ணீர் கொடுத்த பெண்கள், கங்காணி, துரை எல்லோரையும் கும்பிட்டு, "கொழுந்து, கொழுந்து" என்றார். மலையே சிரித்தது.

தையல்கடை இப்றாஹீம் இன்றும் கேட்டான்: "சிறுத்தைய விடுங்க. கொழுந்துன்னா நன்றின்னு எந்தக் கழுத நம்பும்?"

மார்ச் 9

பத்திரிகை மூலையில் இரண்டங்குலச் செய்தி. லெனோரா வேல் முதியோர் இல்லத்தில். ஞாபகசக்தி போய்விட்டதாம்.

நாற்பத்திரண்டு படம்! பதுளைத் தியேட்டரில் ஒப்பரேட்டராக இருந்து பதினொன்றை நானே ஓட்டினேன். வாள் சண்டைக்கு டூப் வேண்டாம் என்றவர். ஐம்பது வயதில், நரைக்குச் சாயம் பூசச் சொன்ன கம்பனியிடம், "உங்கள் கதைக்குப் பூசுங்கள்" என்று சொல்லிவிட்டு நாடகமேடைக்குப் போனவர். பிறகு அதே வெள்ளை முடியோடு திரும்பி, ஒரே காட்சியில் கதாநாயகியை ஊதித் தள்ளினாரே! பார்த்தபடி நின்று ரீல் மாற்ற மறந்தேன். விசில் பறந்தது, என்னைத் திட்டி.

அவருக்குமா நினைவு போகும்? ஐயோ, ஒரு மன்னிப்புக்கூடக் கேக்காம விட்டுட்டேனே.

மார்ச் 10

அக்கா மகள் ஜெயலெட்சுமி ஆங்கில டீச்சர். அவளை உட்கார்த்தி அந்த இல்லத்துக்குக் கடிதம்.

"மாமா, சிறுத்தைய எழுத மாட்டேன்."

"சரி, பூனைன்னு எழுது."

"கொழுந்து?"

"அது வேணாம்மா."

"ஏன்?"

நீங்கள் நம்பிச் சொன்ன வார்த்தைக்குத் தோட்டமே சிரித்தது என்று, நினைவு போய்க் கிடப்பவரிடம் எப்படிச் சொல்வது? அதைச் சொல்லத்தானே கடிதம்? கோழை. 'உங்களைக் கண்டவன், நலமா' என்று நாலு வரி போனது.

ஏப்ரல் 2

தபால் இல்லை.

ஏப்ரல் 21

இல்லை. "சிறுத்த கொண்டு வருதோ என்னமோ," என்கிறான் இப்றாஹீம்.

மே 6

வந்தது! தையல்கடையில் வைத்தே ஜெயலெட்சுமி வாசித்தாள். பராமரிக்கும் தாதி எழுதியிருக்கிறார்: லெனோராவுக்குத் தன் படங்கள் ஒன்றும் ஞாபகமில்லை. பல நாள் தன் பெயரும் தெரிவதில்லை. ஆனால் யார் தண்ணீர் கொடுத்தாலும் கைகூப்பி ஒரே வார்த்தை சொல்கிறார். என்ன மொழி என்று எங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதத்தில் இலங்கைத் தபால்தலையைப் பார்த்து, உங்கள் மொழியாக இருக்குமோ என்றுதான் கேட்கிறேன்: 'கொழுந்து' என்றால் என்ன?

இப்றாஹீம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான்.

"என்ன மாமா எழுத?" என்றாள் ஜெயலெட்சுமி.

"நன்றின்னு எழுது."

"அது அப்படி இல்லையே மாமா."

"நாப்பத்தஞ்சு வருஷமா அவங்களுக்கு அதுதாம்மா. சொல்லிக் குடுத்தவன் திருப்பிச் சொல்றான்னு அவங்க காதுல சொல்லச் சொல்லு. கொழுந்து."

சிறுத்தை பொய். அட்டை பொய். குடை பிடித்தவன் வேறொருவன். நான் பக்கத்தில் கொழுந்துச் சாக்கோடு நின்றவன். அந்த ஒரு வார்த்தை மட்டும் நடந்தது.