எட்டு சாக்கெட்டில் ஒன்பதாம் எண்

மார்ச் 2, திங்கள்

மழை. தைவானின் கீலுங் துறைமுகத்தில் மழை என்று எழுதுவது மையைத்தான் வீணாக்குகிறது.

பழைய இணைப்புப் பெட்டி சிவலோகம் போய்ச் சேர்ந்தது. புதுப் பெட்டியில் எட்டு சாக்கெட். எட்டு வயர்களின் மறுமுனையில் மீன் சந்தையின் எட்டு இயந்திரங்கள். மாடியில் உட்கார்ந்தபடி "/C 2" என்று நான் தட்டினால் இரண்டாம் சாக்கெட்காரன் கைகட்டி நிற்பான். "/X" என்றால் விடைபெறுவான். எந்தச் சக்கரவர்த்திக்கு வாய்த்தது இது! மேலாளர் யூஃபாங் தன் கையாலேயே எண்களை ஒட்டி வயர்களைச் செருகிவிட்டாள்.

மார்ச் 3, செவ்வாய்

காலையில் யூஃபாங் போன் செய்தாள்: "கெங் மாமா, ஆபீஸ் மெஷின் உறைஞ்சு கெடக்கு. அஞ்சாம் நம்பர். ரீஸ்டார்ட் பண்ணிடுங்க."

"/C 5" தட்டினேன். உடனே பதில் வந்தது. உறைந்தவன் இவ்வளவு சுறுசுறுப்பாகவா பேசுவான் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி. எட்டும் ஒரே அச்சில் வார்த்தவை, பெயர்கூட வைக்கவில்லை. யார் எவர் என்று எப்படித் தெரியும்? ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

கீழே ஏலக்கூடத்துத் திரைகள் அத்தனையும் இருண்டன. அந்த நேரம் பார்த்து இருநூறு கிலோ சூரை மீன் ஏலத்தில்! வியாபாரிகள் போட்ட கூச்சலில் ஜப்பான் கப்பல்கள் பாதி வழியில் திரும்பியிருக்கும்.

மார்ச் 4, புதன்

என் பாஸ்வேர்டைப் பிடுங்கிவிட்டார்கள். கூடவே ஒரு கடிதம்: 'என் கவனக்குறைவே காரணம்' என்று வெள்ளிக்குள் கையெழுத்திட வேண்டும். இல்லையேல் வாசலில் மீன் பெட்டி எண்ணும் வேலை. முப்பத்தோரு வருடம் உழைத்தவனுக்கு!

"அஞ்சுக்குப் பதிலா ஆறைத் தட்டிட்டீங்க மாமா. வயசாச்சுல்ல, விரல் தடுமாறும்" என்கிறாள் யூஃபாங்.

என் விரலா? இருட்டில் நண்டு உரிக்கும் விரல் இது! அஞ்சுதான் தட்டினேன். அஞ்சு, அஞ்சு, அஞ்சு!

மார்ச் 5, வியாழன்

கையெழுத்துப் போட மாட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

தட்டத்தான் தடை, பார்க்கத் தடை இல்லையே. கீழே போய்ப் பெட்டியின் முன் குந்தினேன். அவள் ஒட்டிய எண்களைக் கடைசியிலிருந்து படித்தேன். ஒன்பது.

ஒன்பதா? விரல் வைத்து எண்ணினேன். சாக்கெட் எட்டுதான். எட்டு சாக்கெட்டில் ஒன்பது எங்கிருந்து முளைத்தது? முதலிலிருந்து படித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று… ஐந்து.

யூஃபாங்கை இழுத்து வந்தேன். "நாலு எங்கம்மா?"

"நாலா?" முகத்தைச் சுளித்தாள். "நம்ம பாஷையில சொன்னாலே சாவுங்கிற மாதிரி கேட்குமே மாமா. எங்க வீட்டு லிஃப்ட்லகூட நாலாம் மாடி கிடையாது. புதுப் பெட்டியில போய் அதை ஒட்டுவாங்களா?"

"உனக்குக் கிடையாது. பெட்டிக்கு உண்டே! நீ அஞ்சுன்னு ஒட்டினது அதுக்கு நாலு. ஆறுன்னு ஒட்டின ஏலக்கூடம் அதுக்கு அஞ்சு. சாவுக்குப் பயந்து என்னையே கொன்னுட்டியே, தாயே!"

அவள் நகத்தால் ஐந்தின் ஓரத்தைச் சுரண்டினாள். உள்ளே அச்சடித்த நாலு எட்டிப் பார்த்தது. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்தாள். சட்டென்று நினைவு வந்து, இன்னொரு மடிப்பும் மடித்துக் குப்பையில் போட்டாள்.

மார்ச் 9, திங்கள்

பாஸ்வேர்டு திரும்பியது. மன்னிப்பு வரவில்லை, அன்னாசி கேக் ஒரு பெட்டி வந்தது. எண்களே வேண்டாம், பெயர் வைத்துவிடலாம் என்றேன். பெட்டிக்கு அதற்கும் ஒரு கட்டளை உண்டு. ஏலம், ஐஸ், வாசல் என்று ஒவ்வொன்றாக நான் தட்ட, அவள் ஒட்டினாள். நாலு வந்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆபீஸ் பேரை அதுல வைக்காதீங்க மாமா."

"என் பேரை வை. போன வாரமே செத்துப் பிழைச்சவன்தானே நான்."

மார்ச் 16, திங்கள்

மழை. ஏலம் தடங்கலின்றி நடந்தது. பதினொரு மணிக்குக் கீழேயிருந்து சந்தையே கேட்கும்படி யூஃபாங் கத்தினாள்: "மாமா! கெங் மாமா உறைஞ்சு போயிட்டார்! ரீஸ்டார்ட் பண்ணணுமா வேணாமா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க!"

பார்த்தேன். தட்டினேன். இரண்டு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தேன்.