நின்றால் எரியும், ஓடினால் அணையும்

திசையன்விளை,
18.2.2025

என் மகள் கலைச்செல்விக்கு, அப்பா சொரிமுத்து எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி பிருந்தாவும் அந்தக் கனடா குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, காலையில் நானே பொங்குகிறேன், மற்ற வேளைக்கு ஓட்டல் இருக்கிறது. நீ அனுப்பிய விசா படிவம் மேசை மேலேயே கிடக்கிறது. வண்டி ஒயரிங் பார்க்கும் இந்தக் கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று மூன்று தடவை கேட்டாய், நானும் மூன்று தடவை பார்ப்போம் பார்ப்போம் என்று இழுத்துவிட்டேன். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்கிறாய். போனில் பேசினால் நடுவில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன், பொறுமையாகப் படி.

உவரி ஹெப்ரானை உனக்கு ஞாபகம் இருக்கும், பழைய ஃபைபர் படகுகளை வாங்கிச் சரிசெய்து மணிமுத்தாறு அணையில் மீன் பிடிக்கிறவர்களுக்கு விற்கிறானே, அவன்தான். போன வாரம் படகு ஏற்றும் டிரெய்லரைக் கொண்டுவந்தான். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுங்குகிறது, பிரேக் மிதித்தால் எல்லாமே மங்கிவிடுகிறது. அந்தோணியார் கோயில் திருவிழாவுக்காக ஒரு இடம் விடாமல் நீலப் பெயிண்ட் அடித்து, டிரெய்லர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. நான் பல்பை மாற்றினேன், உப்புக்காற்றில் பச்சை பூத்த ஒயரை வெட்டிப் புதிது போட்டேன். ஹெப்ரான் டீ குடிக்கப் போயிருந்தான். டிரெய்லரை லோடு வண்டியில் மாட்டி, பிரேக் மேல் ஒரு செங்கலை வைத்துவிட்டுப் பின்னால் ஓடிப் பார்த்தேன், எல்லாம் பளிச்சென்று எரிந்தது, கொண்டு போலே என்று அனுப்பிவிட்டேன். அன்றைக்குப் பொழுது மயங்குகிற நேரம் களக்காடு ரோட்டில் படகோடு போன டிரெய்லரில் ஒரு விளக்கும் இல்லை. பின்னால் ஸ்கூட்டரில் வந்த முத்துராணி என்கிற பெண் கடைசி நிமிஷத்தில் படகைப் பார்த்து வண்டியை ஒடித்து முள்ளுக்குள் விழுந்துவிட்டாள். நெற்றியில் நாலு தையல். அரை அடி தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் தாயி?

மறுநாள் ஹெப்ரான் வந்தான். சண்டைக்கு நிற்பான் என்று பார்த்தேன், நிக்கையில நல்லாத்தான் எரியுது அண்ணாச்சி, ஓடயில செத்துப்போவுது என்று மட்டும் சொன்னான். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. விளக்குக் கரண்டு திரும்பிப் போகிற எர்த்து ஒயரின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் நீலப் பெயிண்ட் தோல் மாதிரி ஒட்டிக்கிடக்கிறது. திருவிழா அவசரத்தில் அதைக் கழற்றி, அந்த இடத்திலும் பூசி, மேலேயே திரும்ப முறுக்கியிருக்கிறார்கள், பெயிண்டுக்குள் கரண்டு எப்படிப் போகும்? வண்டியும் டிரெய்லரும் சேருகிற கொக்கி வழியாகத்தான் எர்த்து கிடைத்திருக்கிறது, கொக்கி நன்றாக உட்கார்ந்தால் எரியும், பள்ளத்தில் குதித்தால் விட்டுப்போகும். முதலில் எர்த்தைப் பாருங்கள் என்று முப்பத்தைந்து வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன மடையன் நான்தான். உன் அம்மா இருந்திருந்தால் இது நடந்திருக்காது. பின்னால் நின்று எரியுது, எரியல என்று சத்தம் கொடுப்பதோடு விடமாட்டாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரெய்லர் கம்பியில் ஏறி நின்று உலுக்குவாள், உலுக்கிப் பாக்காம எதையும் அனுப்பாதீய என்பாள். அவள் போன ஒன்பது மாதமாகச் செங்கல்தான் எனக்குத் துணை, அதற்கு வாயா இருக்கிறது?

பெயிண்டைச் சுரண்டி, இரும்பு தெரிய உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த்து ஒயர் இழுத்தேன். இந்தத் தடவை ஹெப்ரானைக் கம்பியில் ஏறிக் குதிக்கச் சொல்லிவிட்டு நான் பிரேக்கை மிதித்தேன். எரியுது அண்ணாச்சி என்றான். நான் காலை எடுக்கவில்லை. மறுபடியும் எரியுது என்றான், அதற்கும் எடுக்கவில்லை. பேட்டரி எறங்கிரும், போதும் அண்ணாச்சி என்று அவன் வந்து பார்த்தபோது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் கரண்டு டெஸ்டரை எடுத்துக் கையில் கொடுத்தான்.

நேற்று பஸ் ஏறிக் களக்காடு போய் முத்துராணியைப் பார்த்தேன். ஹெப்ரான் மேல் தப்பில்லை, சரியாகப் பார்க்காமல் அனுப்பினது நான் என்று சொன்னேன். ஏசுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் காப்பி கொடுத்துவிட்டு, கூட ஒத்தாசைக்கு ஆள் யாரும் இல்லியா அண்ணாச்சி ஒங்களுக்கு என்று கேட்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வருகிறேன் கலைச்செல்வி. அங்கேயும் நீங்கள் வேலைக்குப் போனபிறகு பகல் முழுக்க ஒற்றையாகத்தான் கிடப்பேன் என்று பயந்துதான் இத்தனை நாளும் இழுத்தேன். இருக்கட்டும், சாயங்காலம் ஒரு ஆள் கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் வருமே, எனக்கு அது போதும். பங்குனிக்குள் கடையை ஒழித்துக் கொடுத்துவிடுவேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையில்லாமல் இருக்க வேண்டும், பேத்தி நல்லா வளர்ந்து ஆளாகட்டும். பனியில் காதை மூடிக்கொள். மறக்காமல் ஒரு காரியம் செய். படிவம் முழுக்க நானே நிரப்பி இதோடு சேர்த்து அனுப்புகிறேன், மனைவி பெயர் என்ற இடத்தில் அன்னத்தாய் என்றும் எழுதிவிட்டேன். பக்கத்தில் உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு கட்டம் இருக்கிறது, நேற்று ராத்திரியிலிருந்து பேனாவை வைத்து வைத்து எடுக்கிறேன். அதை மட்டும் நீ எழுதிவிடு தாயி.

உன் அப்பா,
சொரிமுத்து