ஏழாவது வெள்ளை

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் இன்னும் சுகம். கண் ஆபரேஷன் முடிந்து இன்றோடு பன்னிரண்டு நாள், வலது கண்ணுக்கு மட்டும்தான் ஆகியிருக்கிறது. சொட்டு மருந்தை அப்பாதான் மணி பார்த்து விடுகிறார், பாதி கண்ணில் விழுகிறது, பாதி காதுக்குப் போகிறது. போனில் பேசியிருக்கலாம், ஆனால் நீ எதற்கெடுத்தாலும் பரவாயில்லம்மா என்று சொல்லி முடித்துவிடுவாய், அதுதான் வசதி என்று நானும் விட்டுவிடுவேன். இதை முழுசாகச் சொல்லியாக வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

நம் சலவைக் கடைக்கு நீ செய்து கொடுத்த வெப்சைட் விஷயம்தான். முதல் தடவை நீ அனுப்பியபோதே பின்னணி அழுக்கு மஞ்சளாக இருக்கிறது, முப்பது வருஷமாகச் சலவைக் கடை வைத்திருப்பவள் பிள்ளைக்கு வெள்ளை தெரியாதா என்று கேட்டேன். மாற்றினாய். பழைய தலையணை உறை மாதிரி இருக்கிறது என்றேன். மறுபடியும் மாற்றினாய். கொஞ்சம் நீலம் சேர், நாங்கள் துணிக்குப் போடுவதில்லையா என்று உன் தொழிலை உனக்கே சொல்லிக் கொடுத்தேன். ஏழாவது வெள்ளையைத்தான் போனால் போகிறது என்று ஒப்புக்கொண்டேன். அதே சமயம் கடையிலும் இதே கூத்துதான். உன் பள்ளிக்கூடச் சட்டைக்கு அட்டை மாதிரி கஞ்சி போட்டுக் கொடுப்பாரே, அந்தக் கஞ்சி மாமா எதை வெளுத்து வைத்தாலும் மஞ்சள் என்று தள்ளினேன். மனுஷன் சோப்பை மாற்றிப் பார்த்தார், தண்ணீரை மாற்றிப் பார்த்தார். கடைசியில் நானே நீலப் பாட்டிலை எடுத்து என் இஷ்டத்துக்கு ஊற்ற ஆரம்பித்தேன். வாடிக்கையாளர்கள் சட்டையெல்லாம் நீலம் பாய்ந்திருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்தபோது, ஒழுங்காக அலசவில்லை என்று அதையும் அவர் தலையிலேயே கட்டினேன். வயசாகிவிட்டது, கை போய்விட்டது, இனி வீட்டிலேயே இரும் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து இஸ்திரி மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

பிறகுதான் ஆபரேஷன், வலது கண்ணை மஞ்சளாக மூடியிருந்த புரையை எடுத்தார்கள். நாலாம் நாள் கடைக்குப் போய் வெப்சைட்டைத் திறந்தேன், நீலத் தொட்டியில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. அலமாரியைப் பார்த்தேன், நான் வெள்ளை என்று அடுக்கி வைத்த சட்டையெல்லாம் அதே நீலம். வலது கண்ணை மூடினால் வெள்ளை, இடது கண்ணை மூடினால் நீலம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று நானே எத்தனை பேரைச் சொல்லியிருப்பேன். அப்பாவிடம் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டே உண்மையைக் கக்கினார். மூன்றாவதாக நீ அனுப்பியதே கலப்பில்லாத வெள்ளையாமே, கம்ப்யூட்டரில் அதற்கு மேல் வெள்ளையே கிடையாதாமே, அதையும் மஞ்சள் என்கிறாள், அம்மாவின் கண்ணைக் காட்டுங்கள் என்று அவரிடம் ரகசியமாகச் சொன்னாயாமே. தனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அவர் என்னைத் துணைக்குக் கூட்டிப் போனது அதனால்தானாம். இந்த மனுஷனுக்கு இவ்வளவு நடிக்கத் தெரியும் என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.

மறுநாளே கஞ்சி மாமா வீட்டுக்குப் போனேன். வாசல் கொடியில் அவருடைய பனியன் நாலு காய்ந்துகொண்டிருந்தது, அந்த வெள்ளையில் என் வலது கண் கூசியது. தப்பு என் கண்ணில்தான், உங்கள் கையில் இல்லை, திரும்பி வாருங்கள் என்றேன். அவர், "உங்க கண்ணு சரியில்லன்னு எனக்கு அப்பவே தெரியும். சொல்லியிருந்தா, வேலை செய்யத் துப்பில்லாம சாக்கு சொல்றான்னுதானே சொல்லியிருப்பீங்க" என்றார். அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பேன், ஆமாம் என்றேன். அப்புறம் அவர், "வர்றேன், ஆனா நீலப் பாட்டில் இனிமே என் கையிலதான் இருக்கணும்" என்றார். திங்கட்கிழமை வந்துவிட்டார். பாட்டில் இப்போது எனக்கு எட்டாத மேல் தட்டில் இருக்கிறது.

ஆகவே நீயும் அந்த மூன்றாவது வெள்ளையையே திரும்பப் போட்டுவிடு. ஆனால் கடை போன் நம்பரை இளம் சாம்பல் நிறத்தில் வைத்திருக்கிறாயே, அதைக் கறுப்பாக்கு. அது என் கண் கோளாறு இல்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை, கஞ்சி மாமாவுக்கும் தெரியவில்லை, நம் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் எங்கள் வயசுதான். இன்னொன்று. என் கண் கெட்டது உனக்குத் தெரிந்திருக்கிறது, அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, கஞ்சி மாமாவுக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. என் வாய்க்குப் பயந்துதான் சொல்லவில்லை என்று எனக்குப் புரிகிறது, அது என் தப்புதான். ஆனால் நீ அன்றைக்கே என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் உன்னைத் திட்டியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதான். அந்த மனுஷனை நாலு பேர் முன்னால் அப்படி நிற்க வைத்திருக்க மாட்டேன். இனிமேல் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று என்னிடமே சொல்லு.

உடம்பைப் பார்த்துக்கொள், நல்லா இரு, கை வைத்த வேலையெல்லாம் துலங்கட்டும். இடது கண்ணுக்கு அடுத்த மாசம் ஆபரேஷன். அதுவரை நான் எந்த நிறத்தைக் குறை சொன்னாலும், எந்தக் கண்ணால் பார்த்தாய் என்று முதலில் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா