குழாயடிச் சுவரில் ஆறு முகங்கள்

தங்கச்சி சய்ராகுல், உன் முழங்கால் தேவலையா? நான் சுகம்.

ரூபிள் போய் சோம் நோட்டு வந்த வருஷம், ஊரில் பனிச்சரிவு நம் கொட்டகையைக் கொண்டுபோனதே, அப்போதுதான் பிஷ்கெக்கில் இந்தத் தெருவுக்கு ஏழு பேராகக் குழாய்ப் பள்ளம் தோண்டினோம். அந்தக் குழாயை நகராட்சி மூடப்போகிறதாம். எதிர்ப்புக் காட்ட, தோண்டியவர்களின் பழைய படங்களைத் தெருக்காரர்கள் சுவரில் ஆளுயரத்துக்கு ஒட்டினார்கள். பெயர்களை என்னிடம்தான் கேட்டார்கள். என்னையும் சேர்த்து ஆறு ஆண்களை மட்டும் சொன்னேன்.

சுவர் முன் இறந்தவர்களுக்காக நான் ஓதி முடித்ததும் ஒருத்தி கேட்டாள்: "ஏன் பெரியவரே, அன்னைக்கு நான் என்ன, டீ ஊத்தவா வந்தேன்?" எல்லோரும் சிரித்தார்கள். "மறந்துட்டேன்மா" என்றேன். எனக்கு எது மறந்திருக்கிறது? பெண்ணோடு சேர்ந்து தோண்டினோம் என்று சொல்ல வெட்கப்பட்டேன்.

அவள் மண்வெட்டியோடு நிற்கும் படம் அங்கே வீட்டில் என் பழைய பெட்டியில் இருக்கும். கம்பளிக் காலுறையோடு சேர்த்து அனுப்பு. இந்தக் கடிதத்தை எழுதித் தருபவர் அவசரப்படுத்துகிறார். அந்த ஏழு பேரில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது அவள்தான். அவள் பெயர் அனிபா.