பவுடரில் தெரிந்த ஒழுக்கு

என்னங்க,

போன வாரம்தான் நீங்க பூட்டி முடிச்ச கார் இஞ்சினை இன்னிக்கு மறுபடியும் பிரிச்சிடாதீங்க. கூலன்ட் தண்ணி ஒழுகுற இடத்தைக் கண்டுபிடிச்சுட்டேன். நீங்க சந்தேகப்பட்ட ஹெட் கேஸ்கெட் இல்ல. இஞ்சினைத் துடைச்சு, என் முகப் பவுடரைத் தூவி ஸ்டார்ட் பண்ணேன். வாட்டர் பம்ப்புக்குக் கீழே பவுடர் நனைஞ்சு பச்சைக் கோடு இறங்குச்சு. அங்கே ஒரு போல்ட்டு லூஸ். முறுக்கினேன், நின்னுடுச்சு. விஷ்ராந்த்வாடி சிக்னல் வரைக்கும் ஓட்டியும் பார்த்துட்டேன்.

நம்ம பழைய ஃபியட்லயே ஸ்டேஷனுக்குப் போய் உங்க அக்காவைக் கூட்டிட்டு வரேன். அவல் போஹா மூடி வெச்சிருக்கேன், சாப்பிடுங்க.

தமிழரசி

பி.கு.: "உனக்கென்ன தெரியும்"னு நேத்து கத்தினீங்களே, அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கு. ஆனா வண்டியை யாரு சரி பண்ணதுன்னு அக்கா கேட்டா, ரெண்டு பேரும்தான்னு சொல்லுவேன்.